ரந்தாவ் ரொட்டிக் கடையில் ஒரு செல் இறந்தது

யோகா சமையலறையிலிருந்து ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் பின்னாலேயே ஓடினேன். மலேசியாவில் என் முதல் காலை இப்படித்தான் தொடங்கியது. மணி ஏழு. அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. நாகர்கோவிலில் ஏழு மணிக்கெல்லாம் வெயில் முற்றத்துக்கு வந்திருக்கும்.

யோகேஸ்வரியும் நானும் கோயம்புத்தூரில் ஒன்றாகத் தாவரவியல் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவள் தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள். இப்போது செனாவாங் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் குடியிருப்பிலிருந்து சாலைக்கு வந்தால் மோட்டார் சைக்கிள் வெள்ளம். இரவு ஷிஃப்ட் முடிந்தவர்கள் ஒரு பக்கம், காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் மறுபக்கம். மழைக்கோட்டை முன்பின்னாக மாற்றி, பொத்தான்கள் முதுகில் வரும்படி போட்டிருந்தார்கள். காற்று நெஞ்சில் அடிக்காதாம்.

"இங்க யாரும் நடக்க மாட்டாங்க லா, எல்லாம் மோட்டர்தான்" என்றாள் யோகா. பேச்சில் ஒரு 'லா' சேர்ப்பது இந்த ஊர்ப் பழக்கம்.

ஆய்வகத்தில் வெங்காயத்தின் உள்தோலை உரித்து, நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சாயத்தில் ஊறவைத்து நுண்ணோக்கியில் வைத்தோம். அந்தச் சாயத்துக்கு ஒரு குணம். செல்லுக்குள் உயிரோடு வேலை செய்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டுமே போய்ச் சேரும். அதன் சவ்வில் மின்னழுத்தம் இருக்கும் வரை ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அழுத்தம் போனால் ஒளியும் போய்விடும். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தமிழில் இழைமணி என்று ஒரு பெயர் உண்டு. கண்ணால் பார்த்தவர்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். இழைகளும் மணிகளுமாக நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. முட்டின, விலகின, திரும்பி வந்தன.

"சாயம் வேலை செய்யுது!" என்று கத்தினேன். பக்கத்து மேசையில் தண்ணீர் சோதித்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் மரத்தில் தொடர்ந்து பால் எடுக்கும்போது, சில மரங்களில் வெட்டுக்கோட்டின் ஒரு பகுதியில் பால் நின்றுவிடும். மரம் பச்சையாக நிற்கும், இலை துளிர்க்கும், பட்டை மட்டும் காய்ந்திருக்கும். அங்கே இருக்கும் செல்கள் காயத்தினால் தாறுமாறாகச் சாகின்றனவா, அல்லது ஒழுங்குமுறையோடு தாமே தம்மை முடித்துக்கொள்கின்றனவா என்பதுதான் என் கேள்வி. செடிகளுக்கு இப்படி முடித்துக்கொள்ளத் தெரியும். வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாய்களே, உள்ளே இருப்பதையெல்லாம் காலி செய்துவிட்டுச் செத்த செல்களால் ஆனவைதான். பூஞ்சை நுழைந்த இடத்தைச் சுற்றியிருக்கும் செல்களும் இதே மாதிரி செத்து அதன் வழியை அடைக்கும். இந்த முடிவில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. செல்லுக்குச் சோறு போடுவதும் அதுதான், சாவுக்கு முதல் அடையாளம் காட்டுவதும் அதுதான். ஓட்டம் நிற்கும், உருண்டு வீங்கும், மின்னழுத்தம் போகும். அதற்குப் பிறகுதான் செல் குலையும். விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் ஒரு புரதமே சாவைத் தொடங்கிவைக்கிறது. செடிகளில் அந்தக் கசிவு காரணமா, விளைவா என்று இன்னும் சண்டை நடக்கிறது.

ரப்பர் எங்கள் குலசேகரம் பக்கத்திலேயே மலைமலையாக இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நான் பயன்படுத்தக்கூடிய நுண்ணோக்கி கோயம்புத்தூரில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக நான் பேருந்தில் கொண்டுபோனது அத்தனையும் பிணம். செத்த செல்லைப் பார்த்து அது எப்படிச் செத்தது என்று யாரால் சொல்ல முடியும்? இங்கே மரத்துக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவே அரை மணி நேரப் பயணம். யோகா அதைச் சொன்ன அன்றே நான் பெட்டி கட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, ரந்தாவ் என்ற சிற்றூருக்குப் போனோம். வழி முழுக்கச் செம்பனை, பாமாயில் எடுக்கும் மரம். ரப்பருக்கு என்று வந்து செம்பனையாகவே பார்த்துக்கொண்டிருந்த நான், ரப்பர் எங்கே என்று யோகாவை இரண்டு முறை கேட்டுவிட்டேன். கடைசியில் ஒரு செம்மண் பாதையில் திரும்பியதும் சட்டென்று நெடுநெடுவென்ற ரப்பர் நிரைகள். முந்நூறு மரம் இருக்கும். ஒரு சீன முதலாளியின் தோட்டம். பால் வெட்டுவது சரோஜா அக்கா.

நாற்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, தலையில் பூப்போட்ட துணி. எங்களைப் பார்த்ததும் உளியைச் சட்டையில் துடைத்துவிட்டு, "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். நான் கல்லூரியில் வேலை செய்பவள் என்று யோகா சொல்லியிருந்தாள். அதனால் டீச்சர்.

எங்கள் ஊரில் பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடிப்பார்கள். இங்கே பிடிக்கும் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர். சரோஜா அக்கா உளியை இழுத்ததும் பட்டை சுருளாக விழுந்தது, பால் துளிர்த்துக் கோட்டோடு இறங்கியது. அடுத்த மரத்துக்கு வந்ததும் கையை நிறுத்தினார்.

"இதாங்க நீங்க கேட்ட மரம். இங்கேருந்து இங்க வரைக்கும் பால் வருது. இங்க நின்னுடுது." கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு கிழித்தார். "நாப்பது மரம் இப்படி ஆச்சு. மொதலாளி, 'எல்லாத்தையும் தள்ளிட்டு செம்பனை போட்டுர்றேன்'னு சொல்லிட்டாரு. வர்ற புதன்கிழமை ஆள் வந்து பார்க்குறாங்க."

"அப்புறம் நீங்க?" என்றேன்.

"நானா? திரும்ப ஃபேக்டரிதான். எட்டு வருஷம் நின்னுக்கிட்டே வேலை செஞ்சேன் டீச்சர், குளிரூட்டுன ரூம்ல. வெளிய மழை பெய்யுதா வெயிலடிக்குதான்னு தெரியாது. போதும்னுதான் இங்க வந்தேன்." பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க ஒன்னே ஒன்னு சொல்லுங்க. இந்த மரம் சாகுதா, இல்ல அந்த எடம் மட்டும்தானா?"

"பார்த்தால்தான் சொல்ல முடியும், அக்கா."

அந்த நகக்கோட்டின் இரு பக்கமும் பட்டையை எடுத்து, பிளேடால் மெல்லிய சீவல்களாக்கி, சாயத்தில் இட்டு, குளிர்பெட்டியில் வைத்து மூடினேன். நன்றாகப் பால் தரும் ஒரு மரத்திலிருந்தும் அதே மாதிரி எடுத்துக்கொண்டேன். ஒப்பிட அது வேண்டும். இந்தச் சீவல்கள் அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். காரில் ஏறும்போது வெற்றி பெற்றுவிட்டவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம்தான். எங்களுக்கு முன்னால் போன செம்பனை லாரியின் பின்கதவு ஒரு வளைவில் திறந்துகொண்டது. குலைகள் சாலை முழுக்கக் கொட்டின. ஒவ்வொன்றும் ஒரு குழந்தை அளவு கனம், உடம்பெல்லாம் முள். இரு பக்கமும் கார்கள் நின்றன. ஓட்டுநர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஒரு மலாய்க்காரர் காரிலிருந்து இறங்கி, "அழுதால் குலை தானாக ஏறுமா? வாருங்கள், உருட்டுவோம்" என்று மலாயில் சொல்லிக் கைலியை மடித்துக் கட்டினார். பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த பிள்ளைகள் உட்பட எல்லோரும் இறங்கினோம். என் உள்ளங்கையில் ஏழு முள். சாலை திறக்க இரண்டு மணி நேரம்.

ஆய்வகத்துக்கு வந்து பார்த்தேன். இருட்டு. எந்தச் சீவலிலும் ஒரு புள்ளி ஒளி இல்லை. நல்ல மரத்தின் சீவலும் செத்திருந்தது. கோயம்புத்தூரில் பார்த்த அதே இருட்டைக் கடல் தாண்டி வந்து பார்த்தேன். யோகா என் கையில் இருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

சனிக்கிழமை வேறு யாருக்கோ நுண்ணோக்கி. "அழுத மூஞ்சோட வீட்டுல இருக்காத, வா" என்று யோகா என்னை சி ரூசா கடற்கரைக்கு இழுத்துப் போனாள். எங்கள் கன்னியாகுமரிக் கடல் இரைச்சலிட்டு அடிக்கும். இந்த மலாக்கா நீரிணை குளம் மாதிரி கிடந்தது. அலை வந்து காலை நக்கிவிட்டுப் போனது. சம்பல் என்கிற மிளகாய் விழுது தடவிச் சுட்ட திருக்கை மீனும், வாழைப்பழ பஜ்ஜியும் வாங்கினோம். எங்கள் ஊரில் வாழைக்காய் பஜ்ஜி. இங்கே பழத்தையே பொரிக்கிறார்கள். துக்கத்திலும் நான்கு தின்றேன்.

ஐந்தாவதை எடுக்கும்போது யோகாவின் கைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள். சரோஜா அக்கா.

"என்னாச்சு டீச்சர்? தெரிஞ்சுதா?"

நடந்ததைச் சொன்னேன். முடிக்கும் வரை கேட்டுக்கொண்டார். பிறகு, "மரத்தத் தூக்கிக்கிட்டு நீங்க ஏன் ஓடுறீங்க? அந்த மிஷின இங்க தூக்கிட்டு வாங்களேன்" என்றார்.

"அது ஒரு அறை அளவு இருக்கும், அக்கா."

யோகா பஜ்ஜியைக் கீழே வைத்தாள். "ஜெபா, ஒரு சின்னது இருக்கு. பழசு. ட்ரெயினிங்குக்கு வாங்கினது. சாயத்த ஒளிர வைக்கிற ஃப்ளோரசன்ஸ் லைட் இருக்கு. பெட்டியில போட்டுத் தூக்கலாம். ஆனா கரன்ட் வேணும், இருட்டு ரூம் வேணும்."

கைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சரோஜா அக்கா கத்தினார்: "காதர் பாய் கட இருக்கே! தோட்டத்துலேருந்து மோட்டர்ல அஞ்சு நிமிஷம்!"

நான் எழுந்து நின்று கடலைப் பார்த்து என்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

காதர் பாய் ரந்தாவ் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அவருடைய வாப்பா ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் பெட்டியோடு போய் இறங்கியபோது கடையில் உட்கார இடமில்லை. அவர் கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசிக்கொண்டிருந்தார்.

"சரோஜா சொல்லுச்சு. உள்ள ஸ்டோர் ரூம் இருக்கு, ஜன்னல் கெடையாது. அரிசி மூட்டைய நகத்தி மேச போட்டு வச்சிருக்கேன். மொதல்ல பசியாறுங்கம்மா."

"முதலில் வேலை, பாய்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அதனால் நின்றபடியே ஒரு ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்து விழுங்கினேன். நம் ஊர்ப் பரோட்டாவின் தம்பிதான், ஆனால் மெல்லியது, மொறுமொறுப்பானது. அந்த அவசரத்திலும் இன்னொன்று கேட்கலாமா என்று தோன்றியது.

யோகா மைதா மூட்டைகளுக்கும் பால் டின்களுக்கும் நடுவே நுண்ணோக்கியைப் பொருத்தினாள். நான் சரோஜா அக்காவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போனேன். இந்த முறை மூன்று பட்டைத் துண்டுகள்: பால் தரும் மரத்திலிருந்து ஒன்று, பால் நிற்கும் அந்த நகக்கோட்டிலிருந்து ஒன்று, அதே மரத்தில் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒன்று. மூன்றாவதை எடுக்கச் சொன்னது சரோஜா அக்கா. "எது வரைக்கும் கெட்டிருக்குன்னு தெரியணும்ல?" சீவாமல், துண்டாகவே எடுத்து ஈரத்துணியில் சுற்றினேன். திரும்பும்போது ஒரு கையால் குளிர்பெட்டியையும் மறு கையால் அக்காவின் இடுப்பையும் பிடித்துக்கொண்டேன். மேடு பள்ளம் எதுவும் அவருக்குக் கணக்கில்லை.

கடைக்கு வந்ததும் துண்டுகளைச் சீவிச் சாயத்தில் இட்டேன். முதலில் நல்ல மரத்தின் சீவல். கண்ணை வைத்தேன். இருட்டில் ஆரஞ்சுப் பொறிகள். ஓடுகின்றன! ரப்பர் பட்டையில் உயிருள்ள மைட்டோகாண்ட்ரியாவை என் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிறேன். அதே விளக்கொளியில் அரை மணி நேரம் வைத்தும் ஓட்டம் நிற்கவில்லை. அப்படியென்றால் பிளேடும் விளக்கும் அவற்றைக் கொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

அடுத்தது நகக்கோட்டின் சீவல். ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து அதையே தொடர வேண்டும். அப்போதுதான் பார்த்தேன், படம் குதிக்கிறது. வெளியே காதர் பாய் மாவை அடிக்கும் ஒவ்வொரு முறையும் 'தப்' என்ற சத்தத்தோடு மேசை அதிர்ந்து செல் பார்வையை விட்டு ஓடியது. திரும்பக் கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு 'தப்'.

யோகா வெளியே போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. ஒரு ரொட்டிக் கடைக்காரரிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும்.

காதர் பாய் கையில் இருந்த மாவுருண்டையைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். பிறகு மாவை ஈரத்துணி போட்டு மூடினார். "நாசி லெமாக் இருக்கு, மீ இருக்கு. ரொட்டி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான்!" என்றார். தேங்காய்ப்பால் சோற்றையும் நூடுல்ஸையும்தான் அப்படிச் சொன்னார்.

"ஏன் பாய்? இப்பத்தான் வந்தேன் லா!" என்று ஒரு குரல்.

"உள்ள ஆப்பரேஷன் நடக்குது."

ஒரு மலாய்ப் பெரியவர் கவலையோடு கேட்டதை யோகா பிற்பாடு எனக்கு மொழிபெயர்த்தாள்: "யாருக்கு உடம்பு சரியில்லை?" காதர் பாயின் பதில்: "மரத்துக்கு."

படம் அசையாமல் நின்றது. கோட்டின் ஓரத்தில் ஒரு நீள்சதுரச் செல். உள்ளே ஓட்டம் மந்தமாக இருந்தது. யோகா தன் கைபேசியை இரண்டாவது கண்வில்லையில் பொருத்திப் படம் எடுக்கத் தொடங்கினாள். நான் பத்து நிமிடம் பார்த்தேன், கண் எரிந்தது. பின்னால் மூட்டையில் உட்கார்ந்திருந்த சரோஜா அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நீங்க பாருங்க. நான் நேரம் குறிச்சுக்கிறேன்."

அவர் தலைத்துணியை அவிழ்த்துவிட்டுக் குனிந்தார். "ஐயோ, எறும்பு மாதிரி போவுது டீச்சர்!" கண்ணை எடுக்காமல் பார்த்தார். நான் குறிப்பேட்டில் சாயத்தின் அளவை எழுதிக்கொண்டிருந்தேன்.

"நின்னுருச்சு."

"எது?"

"எல்லாம். இப்பத்தான். ஒரே நேரத்துல நின்னுருச்சு. செல்லு அப்படியே இருக்கு, உள்ள நின்னுருச்சு!"

அவரை நகர்த்திவிட்டுக் கண்ணை வைத்தேன். ஆமாம். சுவர் அப்படியே இருந்தது, வடிவம் குலையவில்லை, ஆனால் உள்ளே அத்தனையும் நின்ற இடத்தில் நின்றன. இழைகள் சுருங்கி உருண்டைகளாயின. உருண்டைகள் ஒன்றையொன்று நாடிக் குவிந்தன, வீங்கின. பிறகு ஒளி மங்கியது. அதற்கும் பல நிமிடங்களுக்குப் பிறகுதான் செல்லின் உள்ளடக்கம் சுவரைவிட்டு விலகிச் சுருண்டது. முதலில் ஓட்டம், பிறகு வீக்கம், பிறகு ஒளி, கடைசியில் செல். தாறுமாறான சாவு இப்படி வரிசையில் வராது. யோகா அழுதுகொண்டே கைபேசியை ஆடாமல் பிடித்திருந்தாள்.

ஒரு செல்லை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. இன்னும் இரண்டு சீவல்கள் வைத்தோம். அதே வரிசை. பிறகு ஒரு சாண் தள்ளி எடுத்த மூன்றாவது துண்டு. அங்கே ஓட்டம் நல்ல மரத்தைப் போலவே இருந்தது.

"அப்ப மரம் சாகல" என்றார் சரோஜா அக்கா. "அந்த எடத்த மட்டும் அதுவே மூடுது."

"நாம் பார்த்தது அப்படித்தான், அக்கா. ஆனால் ஒரு மரம்தான் பார்த்திருக்கிறோம். ஓய்வு கொடுத்தால் சில மரங்களில் பால் திரும்பும், சிலவற்றில் திரும்பாது. உங்கள் நாற்பதில் எத்தனை என்று என்னால் சொல்ல முடியாது."

"நீங்க சொல்ல வேணாம். மொதலாளிக்கு நான் சொல்றேன்."

கதவைத் திறந்தபோது வெளியே ஒரு வரிசையே நின்றது. ரொட்டி இல்லாமல் போனவர்கள் காரணத்தைப் பார்க்காமல் போக மாட்டோம் என்று காத்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். காதர் பாய் மாவுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "சுபஹானல்லாஹ், மரத்துக்குள்ள இம்புட்டு போக்குவரத்தா!" என்றார். பிறகு ஓடிப்போய் மாவின் துணியை எடுத்தார். அன்றைக்கு நான் ஆறு ரொட்டி தின்றேன்.

முதலாளி மதியம் தோட்டத்துக்கு வந்தார். சரோஜா அக்கா யோகாவின் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, மலாயும் தமிழும் கலந்து அரை மணி நேரம் பேசினார். இங்கே நின்றது, இங்கே வீங்கியது, இங்கே ஓடுகிறது. அவர் இரண்டு முறை படத்தைத் திரும்ப ஓட்டச் சொன்னார். பால் அதிகமாகக் கிடைக்க மரத்தில் பூசும் மருந்தைப் பற்றி என்னிடம் கேட்டார். காய்ந்த மரங்களுக்கு வேண்டாம் என்றேன். கடைசியில் அவர் சொன்னதை யோகா மெல்ல மொழிபெயர்த்தாள்: "ஆறு மாதம். நாற்பது மரத்தையும் தொட வேண்டாம். புதன்கிழமை ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்."

அக்கா அவர் எதிரில் சிரிக்கவில்லை. கார் திரும்பியதும் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை, விமானத்துக்கு முன்னால், மூவரும் வெள்ளைப் பெயின்ட்டும் தூரிகையுமாகத் தோட்டத்தில் இருந்தோம். நாற்பது மரத்தையும் சுற்றி வெள்ளை வளையம் போட வேண்டும், தவறி உளி படாமல் இருக்க. முப்பத்தெட்டாவது மரத்தில் சரோஜா அக்கா தூரிகையை நிறுத்தினார்.

"டீச்சர், ஊருக்குப் போயி இதெல்லாம் எழுதுவீங்கல்ல?"

"எழுதுவேன்."

"சரோஜா உதவி செஞ்சான்னு எழுதாதீங்க. சரோஜா பார்த்தான்னு எழுதுங்க."

எழுதுகிறேன். அந்தச் செல்லுக்குள் ஓட்டம் நின்ற கணத்தைக் கண்டவர் சரோஜா. நான் அப்போது குனிந்து வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.